பன்றி செத்தால் யாரிடம் சொல்வது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், சேமலாப நிதி, வீடு, காணி என்று பேசுகிற இந்த மேடையில் இன்றைக்குப் பன்றிக் காய்ச்சலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பின்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் அரிசி வாங்கலாம், மாவு வாங்கலாம், கடைக்கடனில் பாதியைக் கட்டலாம். மகளின் சடங்குக்கும், மகனின் டியூஷனுக்கும், ஒழுகுகிற கூரைக்குத் தகரம் போடவும் காசு எங்கிருந்து வருகிறது? லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் மாட்டிலிருந்து வருகிறது. சில குடும்பங்களில் இரண்டு பன்றியிலிருந்து வருகிறது. நமக்கு வங்கி எழுதித் தராத கடனை அந்த மிருகம் தருகிறது. நாலு காலில் நிற்கும் சீட்டு அது. அந்தச் சீட்டு ஒரே வாரத்தில் செத்துப்போனால் அது தொழிற்சங்கத்தின் பிரச்சினை இல்லையா?

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் இருக்கிறது என்று 2024 ஒக்டோபரில் உறுதியானது. முதலில் மேல் மாகாணத்தில் கண்டார்கள். அடுத்த ஜனவரியில், அதாவது 2025இல், கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் வர்த்தமானி அறிவித்தலே போட வேண்டிய அளவுக்கு அது பரவிவிட்டது. பன்றியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதற்கும் அறுப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. இதுவெல்லாம் கொழும்புப் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர்களின் கதை என்று நம்மில் பலர் விட்டுவிட்டோம். பெரிய பண்ணைக்கு வேலி இருக்கிறது, சொந்த வைத்தியர் இருக்கிறார். நம்முடைய பன்றிக்கு நாலு பலகையும் ஒரு துண்டுத் தகரமும்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2009இல் உலகமெல்லாம் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று பயந்தோமே, அது மனிதருக்கு வரும் சளிக்காய்ச்சல் வகை. இது அது இல்லை. இந்தக் கிருமி மனிதரைத் தொடாது; மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் வராது; பன்றியையும் காட்டுப்பன்றியையும் மட்டுமே பிடிக்கும். இன்னொரு பன்றிக் காய்ச்சலும் உண்டு. பழைய காலத்திலிருந்து இருப்பது, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. “எங்க பன்னிக்கு ஊசி போட்டாச்சு” என்று சிலர் சொல்வது அந்த ஊசியை. அது புதிய நோயைத் தடுக்காது. இரண்டுக்கும் பேர்தான் ஒன்று, கிருமி வேறு.

நோய் எப்படி இருக்கும்? நேற்று வரை முட்டி மோதித் தின்ற பன்றி இன்றைக்குத் தொட்டியைப் பார்க்காது. மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். காது, வயிறு, தொடை சிவந்து நீலம் பாயும். சிலதுக்கு மூக்கில் இரத்தம், சாணத்தில் இரத்தம். சினைப்பன்றி குட்டி போட்டுவிடும். கடுமையாகப் பிடித்தால் பத்து நாள் தாங்காது. பத்தில் ஒன்பது, சில நேரம் பத்தும் போய்விடும். இதில் மோசமான விஷயம் இன்னொன்று. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய நாலைந்து நாளும் ஆகலாம், இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ஒரு பன்றி செத்த அன்று பக்கத்தில் நிற்கும் மற்றப் பன்றி நல்லாத்தான் தெரியும். “இதையாவது காசாக்கிவிடுவோம்” என்று வியாபாரிக்கு விற்றுவிடுவோம். அந்த லொறியில் நோய் அடுத்த தோட்டத்துக்குப் போகும்.

உலகத்துக்கு இந்த நோய் தெரிய வந்தது கென்யாவில். மொன்ட்கொமரி என்ற மிருக வைத்தியர் அங்கே கண்டதை 1921இல் எழுதி வெளியிட்டார். காட்டில் வாழும் ஆபிரிக்கப் பன்றி இனங்களுக்கு இந்தக் கிருமி ஒன்றும் செய்வதில்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுபோன வீட்டுப் பன்றிகள்தான் விழுந்து செத்தன. நூறு வருடம் கடந்துவிட்டது. இன்னும் மருந்து இல்லை. ஏன் என்று கேட்பீர்கள். நிலாவுக்குப் போகிறவர்களால் ஒரு பன்றியைக் காப்பாற்ற முடியாதா என்று நாங்களும் கேட்டோம்.

காரணம் கிருமியின் குணம். உடம்புக்குள் நோய் வந்தால் அதை விழுங்கி ஒழிக்கும் காவல்காரச் செல்கள் நம் எல்லோருக்கும் இருக்கின்றன, பன்றிக்கும் இருக்கின்றன. இந்த வைரசு போய்க் குடியிருப்பதே அந்தக் காவல்காரனுக்குள். போதாததற்கு இது பெரிய வைரசு. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட புரதங்களைச் செய்யக்கூடியது. அவற்றில் பலவற்றின் வேலை என்ன என்று விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 1960களில் போர்த்துக்கல் அவசரப்பட்டு, பலவீனமாக்கிய உயிர்க் கிருமியையே ஊசியாகப் போட்டது. இலட்சக்கணக்கான பன்றிகளுக்குப் போட்டார்கள். ஊசி போட்ட பன்றிகளிலேயே ஏராளமானவை நோயில் விழுந்தன. நீண்டகாலம் இழுத்துக்கொண்டு கிடக்கும் புதுவகை நோய் அதிலிருந்து கிளம்பியது.

இப்போது நம்பிக்கை தரும் இடம் வியட்நாம். அமெரிக்காவின் பிளம் தீவு ஆய்வுகூடத்தில் கிருமியின் ஒரு மரபணுவை வெட்டி எடுத்துச் செய்த ஊசிக்கு 2022இல் அங்கே அனுமதி கொடுத்தார்கள். ஆகஸ்ட் மாதம் ஊசி போட்ட பன்றிகள் சில இடங்களில் செத்தன. நிறுத்தி, விசாரித்து, 2023இல் மறுபடி அனுமதித்தார்கள். வியட்நாமே இன்னும் கவனமாகப் பார்த்துக்கொண்டுதான் போடுகிறது. ஆகவே, “ஊசி வந்திருக்கு, வெளிநாட்டுச் சரக்கு, ஒரு போத்தல் இவ்வளவு” என்று யாராவது பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தால் கையை நீட்டாதீர்கள். அரசாங்க மிருக வைத்தியர் கையால் வராத ஊசி நமக்கு வேண்டாம்.

தடுப்பூசியே பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. மாட்டுக்கு வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. தாத்தாமார் சொல்லியிருப்பார்கள், பட்டி பட்டியாகக் காலி செய்த நோய். வால்டர் பிளோரைட் என்ற ஆங்கிலேய மிருக வைத்தியர் கென்யாவில் இருந்துகொண்டு அதற்கு மலிவான, நல்ல ஊசி ஒன்றைச் செய்தார். இலங்கையில் நாற்பது வருடமாக இல்லாத அந்த நோய் 1987இல் திரும்பி வந்தது. இந்திய அமைதிப்படையினரின் சாப்பாட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1994க்குப் பிறகு இங்கே இல்லை. 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக பூமியிலிருந்து துடைத்தெறியப்பட்ட ஒரே நோய் அது. அதே பிளோரைட்தான் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் கிருமி ஒருவகை உண்ணிக்குள் குடியிருப்பதைக் கண்டுபிடித்தவர்களிலும் ஒருவர். மாட்டு நோயை வென்ற மனிதரிடமும் பன்றி நோய் பிடிகொடுக்கவில்லை.

அப்படியென்றால் ஆராய்ச்சி நமக்கு என்னதான் தந்தது? மருந்து தரவில்லை, நோய் நடந்து வரும் பாதையைக் காட்டித் தந்தது. அதுவும் சின்ன விஷயம் இல்லை.

1957இல் இந்த நோய் ஆபிரிக்காவை விட்டு முதன்முதலாக வெளியே வந்தது எங்கே தெரியுமா? போர்த்துக்கலில் லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். விமானத்தில் பயணிகள் தின்று மிச்சம் வைத்த சாப்பாட்டைப் பன்றிக்குப் போட்டார்கள். 2007இல் ஜோர்ஜியா நாட்டின் போத்தி துறைமுகத்துக்கு வந்தது. கப்பலிலிருந்து இறக்கிய மிச்ச உணவுதான் காரணம் என்று கருதுகிறார்கள். அங்கிருந்து ரஷ்யா, 2018இல் சீனா, 2020இல் இந்தியாவின் அசாம். 2022 ஜூலையில் கேரளாவின் வயநாடு. 2023 ஜனவரியில் நீலகிரி முதுமலைக் காட்டில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. முதுமலைக்கு அடுத்தது கூடலூர். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போன நமது சொந்தங்கள் தேயிலை பறிக்கும் ஊர். நமக்கு முன்னால் அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறது.

பாருங்கள், பன்றி நடந்து போய் நோயைப் பரப்பியதைவிட, மனிதன் தின்று மிச்சம் வைத்த எலும்பில், சொசேஜஸ் துண்டில், ஹாம் துண்டில் அது அதிக தூரம் போயிருக்கிறது. உப்புப் போட்டு உலர்த்திய இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐஸில் வைத்த இறைச்சியில் வருடக்கணக்கில் இருக்கும். நுவரெலியா ஏப்ரல் சீசனை நினைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் பின்கதவில் வாளி வாளியாக மிச்சச் சோறு. நம் பிள்ளைகள்தான் அந்த ஹோட்டல்களில் பாத்திரம் கழுவுகிறார்கள். அவர்கள்தான் வாளியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பன்றி வளர்ப்பதே அந்த வாளியை நம்பித்தான். அதை நிறுத்துங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எங்களுக்குச் சுலபம். தவிட்டு விலைக்கு யார் பதில் சொல்வது? ஆகவே சொல்கிறோம்: இறைச்சி கலந்த மிச்சத்தை வாங்காதீர்கள், ஹோட்டலில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் மரக்கறியை வேறு வாளியில் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். பிரிக்க முடியாவிட்டால் காய்ச்சாமல் ஊற்றாதீர்கள். ஒரு கொதி வந்ததும் இறக்குவது காய்ச்சுவது இல்லை. சர்வதேச விதி, 90 பாகை சூட்டில் ஒரு மணி நேரம், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்பே கொதித்துவிடும். அதனால் நம் மலையில் கொதி அடங்காமல் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விறகுச் செலவு இருக்கிறது, தெரியும்.

மற்றவை உங்களுக்கே தெரிந்தவை. பன்றி பார்க்க வரும் வியாபாரியைப் பட்டிக்குள் விடாதீர்கள். அவர் காலையில் எந்தப் பட்டியில் நின்றுவிட்டு வந்தார் என்று யாருக்குத் தெரியும்? பட்டிக்கென்று ஒரு சோடி செருப்பு வையுங்கள், அதைப் போட்டுக்கொண்டு வெளியே வராதீர்கள். சோப்பும் குளோரினும் இந்தக் கிருமிக்கு ஆகாது, ஆனால் சாணத்தைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் குளோரின் வேலை செய்யும். தேயிலை மலையில் அடிபட்ட காட்டுப்பன்றியைப் பங்குபோட்டு எடுத்துவந்து, கழுவிய தண்ணீரையும் குடலையும் வீட்டுப் பன்றிக்கு ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை இன்றோடு விடுங்கள்.

செத்த பன்றியை என்ன செய்வது? இரவில் ஓயாவில் தள்ளிவிடுவது நடக்கிறது. கீழே இருக்கும் டிவிசனில் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். கீழே இருக்கும் பட்டியிலும் அதே தண்ணீர்தான். ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போட வேண்டும். ஆனால் எங்கே புதைப்பது? லயத்தைச் சுற்றி நமக்கென்று ஒரு குழி தோண்டும் மண்கூட இல்லை. துரையிடம் கேட்க வேண்டும். கேட்டால், “மாடு பன்றி வளர்க்க உனக்கு யார் அனுமதி தந்தது?” என்று திரும்பக் கேட்பார்கள். ஆகவே ஓயா. தொழிலாளிக்கு அறிவு இல்லை என்று படித்தவர்கள் சொல்வார்கள். குறை அறிவில் இல்லை, காணியில் இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரு தாய் கேட்கும் கேள்வி இது: “பன்னி செத்தா சொல்லுங்கன்னு சொல்றீங்க. சொன்னா மிச்சத்தையும் கொன்னு புதைச்சிருவாங்க. எனக்கு யாரு தருவா?” நியாயமான கேள்வி. ஸ்பெயின் நாடு இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் நோயை ஒழித்தது. 1960இல் அங்கே வந்த நோய் இருபத்தைந்து வருடம் ஆட்டிப்படைத்தது. 1985இல் புதுத் திட்டம் போட்டார்கள். மிருக வைத்தியர் குழுக்கள் வாகனம் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சின்னப் பட்டிகளுக்குப் போனார்கள், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொன்ற பன்றிக்கு நட்டஈடு கொடுத்தார்கள். வளர்ப்பவர்கள் சேர்ந்து சங்கம் அமைத்துத் தங்கள் பட்டிகளைத் தாங்களே திருத்தினார்கள். 1995இல் நோய் இல்லை. தடுப்பூசி ஒன்றும் இல்லாமல் வென்றார்கள்.

இத்தாலியின் சார்தீனியாத் தீவில் நடந்தது வேறு. அங்கே நோய் வந்தது 1978இல். ஏழைக் குடியானவர்கள் பொதுக் காட்டில் பன்றியை மேயவிட்டு வளர்த்தார்கள். அதிகாரிகளைக் கண்டால் ஒளித்தார்கள். காவலோடு வந்து சுட்டால் பகைதான் வளர்ந்தது. கடைசியில் சட்டத்தையும் ஊக்கத் தொகையையும் சேர்த்துக் கொண்டுபோன பிறகுதான் வழிக்கு வந்தது. 46 வருடம் ஆனது. அந்தத் தீவை நோயிலிருந்து விடுவித்தது 2024 செப்டெம்பரில். அடுத்த மாதம் நம் தீவில் உறுதியானது.

தூரத்துக் கதை வேண்டாம் என்றால் வயநாட்டைப் பாருங்கள். கொல்லப்பட்ட பன்றிகளுக்கு நிறை பார்த்து நட்டஈடு கொடுத்தார்கள். இந்தியாவில் அதற்கு எடைவாரியாக விகிதம் போட்டு, மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. நம் மலைக்குக் கீழேதான். கொரோனா காலத்தில் நமது மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்களே, அதே பீ.சீ.ஆர். முறையில் பன்றியின் இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க முடியும். கருவி இருக்கிறது, படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லயத்திலிருந்து ஒருவர் வாய் திறந்து “என் பன்றி செத்துப்போச்சு” என்று சொல்லாதவரை அந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது. நாம் சொல்வதற்கு நட்டஈடு வேண்டும். நமது பாஷையில் பதில் சொல்லும் ஓர் ஆள் வேண்டும்.

“எங்கள் தோட்டத்தில் பன்றியே இல்லை, எங்களுக்கு என்ன?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020இல் வடக்கில் மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோய் முதன்முதலாக வந்தது. அதுவும் வைரசு. கடிக்கும் ஈயும் கொசுவும் பரப்புவது. பால் வற்றும், சினை கலையும். கால் வாய் நோய், நாம் கோமாரி என்பது, எப்போதும் நம்மைச் சுற்றியே இருக்கிறது. இவை இரண்டுக்கும் ஊசி உண்டு. அதாவது ஆராய்ச்சி தன் வேலையை முடித்துவிட்டது. ஊசி தோட்டத்து மேட்டுலயம் வரை ஏறி வருவதுதான் பாக்கி. இன்றைக்குப் பன்றிக்கு வழி திறந்தால் நாளைக்கு மாட்டுக்கு அதே வழி.

ஆகவே சங்கம் எழுத்தில் கேட்கப் போவது இதுதான். தோட்டத்தில் மிருகம் வளர்க்கும் தொழிலாளியையும் கால்நடை வளர்ப்பாளராகப் பதிய வேண்டும். காணி உறுதி இல்லை என்று தட்டிக்கழிக்கக் கூடாது. நோய்க்காகக் கொல்லும் மிருகத்துக்கும், சொல்லிவிட்ட பிறகு தானாகச் செத்த மிருகத்துக்கும் நட்டஈடு எவ்வளவு, எத்தனை நாளில் என்று முன்கூட்டியே தமிழில் எழுதி பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு டிவிசனிலும் தண்ணீர் ஊற்றுக்கு எட்டத்தில் புதைக்க ஓர் இடத்தைத் தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும். மிருக வைத்தியர் தோட்டத்துக்கு வரும் நாளைத் தேதி போட்டுச் சொல்ல வேண்டும். கொழுந்து மலையில் நிற்கும் பெண்களால் வேலை நாளில் நகரத்துக்குப் போய் நிற்க முடியாது. மாட்டுக்குப் புல் அறுப்பதும் பன்றிக்குக் காய்ச்சுவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இதற்கு ஒரு கணக்கு வேண்டும். எத்தனை குடும்பம், எத்தனை மிருகம் என்று கேட்டால் நம்மிடம் எழுத்தில் இருக்க வேண்டும். வாசலில் மாதர் தலைவிகளிடம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறோம். குடும்பத் தலைவி பெயர், டிவிசன், லய இலக்கம், மாடு, ஆடு, பன்றி, கோழி எத்தனை, கடந்த ஒரு வருடத்தில் செத்தது எத்தனை, என்ன அறிகுறி. செத்ததை எழுதப் பயப்பட வேண்டாம். சங்கத்தின் கையில் பெயர்கள் இருக்கும், நிர்வாகத்துக்குப் போவது எண்ணிக்கை மட்டும். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு நிரப்பிக் கொண்டு வாருங்கள். அதற்கிடையில் எங்காவது இரண்டு பன்றி ஒரே வாரத்தில் செத்தால் படிவத்துக்குக் காத்திருக்காமல் அன்றே தோட்டத் தலைவருக்குச் சொல்லுங்கள், மிச்சப் பன்றியைப் பட்டியை விட்டு எடுக்காதீர்கள். வைத்தியரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் வருகிறோம்.